நின்ற லாரியைக் கார் கண்டுகொள்ளவில்லை, பழுதா?

கேள்வி: புதிதாக வாங்கிய எங்கள் காரில் அடாப்டிவ் குரூஸ் கண்ட்ரோல் இருக்கிறது. செங்கல்பட்டிலிருந்து அடிக்கடி திருச்சிக்குப் போகிறோம். முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப அதுவே வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. ஆனால் உளுந்தூர்ப்பேட்டை தாண்டி, சாலையிலேயே நின்றிருந்த ஒரு லாரியை அது கண்டுகொள்ளவே இல்லை. என் கணவர் பிரேக்கை மிதித்ததால் தப்பினோம். சர்வீஸ் சென்டரில் பழுது எதுவும் இல்லை என்கிறார்கள். யாராவது நடுவில் நுழைந்தால் மட்டும் வெடுக்கென்று வேகம் குறைகிறது. இதை நம்பலாமா?
— செங்கல்பட்டு வாசகி

பதில்: சர்வீஸ் சென்டர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். உங்கள் காரோடு வந்த கையேட்டில் இந்த வசதிக்கான பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். நின்றுகொண்டிருக்கும் வண்டிகளை இது கவனிக்காமல் போகலாம் என்ற எச்சரிக்கை அநேகமாக அங்கே இருக்கும். விற்கும்போது யாரும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

காரணம் இதுதான். பெரும்பாலான கார்களில் முன் பம்பரிலோ கம்பெனிச் சின்னத்துக்குப் பின்னாலோ ஒரு ரேடார் இருக்கும். முன்கண்ணாடியின் மேற்பகுதியில் ஒரு கேமரா அதற்குத் துணை. அனுப்பிய அலை திரும்பி வரும்போது அதன் அதிர்வெண்ணில் ஏற்பட்டிருக்கும் மாற்றத்தைக் கொண்டு, எதிரே இருப்பது என்ன வேகத்தில் நகர்கிறது என்று ரேடார் கணக்கிடுகிறது. நகரும் வண்டியைப் பிடிப்பது அதற்குச் சுலபம். நகராதவைதான் சிக்கல். ஊர்ப் பெயர்ப் பலகை, மேம்பாலம், சாலையோரத் தடுப்புக் கம்பி, நிற்கும் லாரி எல்லாமே உங்கள் காரின் வேகத்திலேயே உங்களை நோக்கி வருவதாகத்தான் அதற்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் பின்னால் வருபவர் உங்கள் மீது மோதிவிடுவார். அதனால் ஆரம்பத்திலிருந்தே நகராதவற்றில் பெரும்பகுதியை ஒதுக்கிவிடும்படி இதை வடிவமைத்திருக்கிறார்கள். புதிய கார்களில் கேமரா ஓரளவு கைகொடுக்கிறது. ஆனாலும் நீங்கள் பின்தொடரும் கார் கடைசி நேரத்தில் ஒதுங்கி, அதற்கு முன்னால் நின்ற லாரி திடீரென்று வெளிப்பட்டால் கேமராவுக்கும் நேரம் போதாது.

கண்டுகொண்டாலும் இது பிரேக்கை முழுப் பலத்தோடு போடாது. மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 25 மீட்டர். குரூஸ் கண்ட்ரோல் வழக்கமாகக் கொடுக்கும் மிதமான பிரேக்கில் அந்த வேகத்திலிருந்து கார் நிற்க ஏறக்குறைய 90 மீட்டர் வேண்டும். காய்ந்த சாலையில் உங்கள் கணவர் பிரேக்கை முழுதாக அழுத்தினால், அழுத்திய இடத்திலிருந்து 40 மீட்டர் போதும். தானியங்கி அவசர பிரேக் என்பது தனி வசதி. அது மோதலின் வேகத்தையாவது குறைக்கப் பார்க்கும். அதை நம்பி இதை ஓட்டாதீர்கள்.

கம்பி ஏற்றிய லாரிக்குப் பின்னால் போவது இன்னும் மோசம். ரேடார் பெரும்பாலும் லாரியின் உடலைத்தான் அளக்கும். அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியின் முனை அதன் கணக்கில் வராமல் போகலாம். விளக்கே இல்லாமல் இரவில் ஊரும் கரும்பு டிராக்டர், மீடியன் இடைவெளியைப் பிடிக்க எதிர்த் திசையில் வரும் பைக், சமயபுரத்துக்கு நடந்து போகும் பக்தர்கள் கூட்டம் ஆகிய எதற்கும் இந்த வசதியிடம் பொறுப்பை ஒப்படைக்க முடியாது.

அப்படியானால் எதற்கு இது? நெரிசல் இல்லாத நான்கு வழிச் சாலையில், பகல் வெளிச்சத்தில், வலது காலுக்கு ஓய்வு கொடுக்க. அந்த வேலையை இது மிக நன்றாகவே செய்கிறது. திண்டிவனம் தாண்டிய நேர்ச்சாலையில் போட்டுக்கொள்ளுங்கள். விக்கிரவாண்டி போன்ற சுங்கச்சாவடிகளுக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே அணைத்துவிடுங்கள். மழை, மலைப்பாதை, ஊருக்குள் நுழையும் சர்வீஸ் சாலை ஆகியவற்றில் போடவே வேண்டாம். வலது கால் எப்போதும் பிரேக் பக்கம் இருக்கட்டும். காலை மடக்கிச் சப்பணமிட்டு உட்காரும் ஆட்களும் இருக்கிறார்கள்!

வெடுக்கென்று வேகம் குறைவதற்கு, முன்வண்டியிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக வேண்டும் என்று நீங்கள் குறித்து வைக்கும் இடைவெளி அமைப்புதான் காரணமாக இருக்கும். அதைக் குறைந்தபட்சத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். நம் சாலையில் இடைவெளி விட்டால் யாராவது நுழைவார் என்ற கவலையில் பலரும் அப்படித்தான் வைக்கிறார்கள். டேஷ்போர்டில் இந்த இடைவெளியைக் காட்டும் பட்டைகளில் ஒன்று மட்டும் எரிந்தால் 90 வேகத்தில் முன்வண்டிக்கும் உங்களுக்கும் 25 மீட்டருக்குச் சற்று மேல்தான் இருக்கும். அதற்குள் ஒருவர் புகுந்தால் கார் வேறென்ன செய்யும்? இரண்டு விநாடி, அதாவது சுமார் 50 மீட்டர் வருமாறு வைத்துப் பாருங்கள். அப்போதும் நுழைவார்கள், நுழையட்டும். ஒருவருக்காகப் பின்வாங்குவதில் நீங்கள் இழப்பது ஓரிரு விநாடி. முப்பது பேர் நுழைந்தாலும் திருச்சிக்கு ஒரு நிமிடம் தாமதமாகப் போவீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வலது தடத்தில் 60-ல் உருளும் லாரிக்குப் பின்னால் கார் அமைதியாக ஒட்டிக்கொள்ளும். நீங்களும் பேச்சில் மறந்துவிடுவீர்கள். லாரி இடப்பக்கம் ஒதுங்கியதும், முன்பு குறித்து வைத்த 100-ஐ நோக்கிக் கார் தானாகப் பாயும். பிரேக் தொட்டு அணைத்த பிறகு, பழைய வேகத்துக்குத் திரும்பச் சொல்லும் ‘ரெஸ்’ பொத்தானை அழுத்தினாலும் இதே கதைதான். அழுத்துமுன் டேஷ்போர்டில் எந்த வேகம் பதிவாகியிருக்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள். ஆக்ஸிலரேட்டரில் கால் இருக்கும் வரை இது பிரேக் போடாது என்பதையும் உங்கள் கணவருக்குச் சொல்லுங்கள்.

ஆயுத பூஜைக்கு முன்பக்கச் சின்னத்தில் அப்பிய சந்தனம், அதன்மேல் தொங்கும் சாமந்தி மாலை, பிறகு பொருத்திய இரும்பு பம்பர் கார்டு எல்லாமே ரேடாரை மறைக்கக்கூடும். பொட்டைச் சின்னத்தைவிட்டுச் சற்றுத் தள்ளி பானெட்டில் வையுங்கள். மாலையைக் கிளம்பும் முன் கழற்றிவிடுங்கள். பம்பர் கார்டு சட்டப்படியும் கூடாது. கேமரா இருக்கும் இடத்தில் கண்ணாடியில் எதுவும் ஒட்ட வேண்டாம். கல் பட்டு முன்கண்ணாடியை மாற்ற நேர்ந்தாலோ பம்பரைக் கழற்றிப் பூட்டினாலோ கேமராவையும் ரேடாரையும் மறுபடி நேர்ப்படுத்த வேண்டும். கேலிபரேஷன் என்று பில்லில் தனி வரியாக அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் செய்து முடிக்கும் வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.