அம்மாவ பாத்துக்கிறது நான், பேங்க்ல என் பேச்சு எடுபடல

கேள்வி: அம்மாவுக்கு 76 வயசு, மறதி நோய் ஆரம்ப கட்டம்னு டாக்டர் சொல்லிட்டாரு. குளிக்க வைக்கிறது, மருந்து குடுக்கிறது எல்லாம் நான்தான், அண்ணனுங்க ரெண்டு பேரும் தீபாவளிக்கு வர்றதோட சரி. பேங்க்ல போய் கேட்டா உங்களுக்கு அதிகாரம் இல்லேன்னுட்டாங்க. எனக்கு எந்த உரிமையும் இல்லையா?
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: கேக்க கஷ்டமாத்தான் இருக்கும்மா, ஆனா கூட இருந்து பாத்துக்கிறதாலயே அவங்க கணக்குல கை வைக்கிற உரிமை வந்துடாது. அம்மாவுக்குப் புரிஞ்சு முடிவெடுக்கிற தெளிவு இருக்கும்போதே எல்பிஏ (Lasting Power of Attorney, நீடித்த அதிகாரப் பத்திரம்) எழுதிடுங்க, பின்னாடி தன்னால முடியாம போனா யார் முடிவெடுக்கணும்னு அவங்களே சொல்லி வைக்கிறதுதான் அது. தயவுசெஞ்சு தள்ளிப் போடாதீங்க, தெளிவு போயிட்டா கோர்ட்டுல டெப்யூட்டி, அதாவது அம்மா சார்பா முடிவெடுக்க கோர்ட் நியமிக்கிற ஆள், ஆக மனு போடணும், செலவும் அலைச்சலும் ஜாஸ்தி.

அதிகாரம் வந்தாலும் அம்மா காசு அம்மாவுக்குத்தான். உங்க பணத்தோட கலக்காதீங்க, டயப்பர் வாங்குன ரசீதக்கூட ஒரு ஃபைல்ல போட்டு வைங்க, நாளைக்கு அண்ணனுங்க கேட்டா எடுத்துக் காட்டலாம்.

அண்ணனுங்களுக்கும் பொறுப்பு இருக்கு. 60 வயசோ அதுக்கு மேலயோ ஆகி, சொந்தமா சமாளிக்க முடியாத பெத்தவங்க பிள்ளைங்ககிட்ட பராமரிப்புச் செலவு கேக்க சட்டம் இருக்கு, மொதல்ல சமரசப் பேச்சு, ஒத்துவரலேன்னாத்தான் டிரிப்யூனல், அதாவது இந்த மாதிரி வழக்க விசாரிக்கிற தீர்ப்பாயம்.

நீங்க வேலைக்குப் போறவங்களா? 2024 டிசம்பர் 1லேருந்து, வேலை நேரத்த மாத்திக் குடுங்கன்னு முறையா எழுதிக் கேட்டா கம்பெனி 2 மாசத்துக்குள்ள எழுத்துல பதில் சொல்லணும். ஒத்துக்கணும்னு கட்டாயம் இல்ல, ஆனாலும் கேளுங்க. பகல்நேரப் பராமரிப்பு நிலையம் பத்தி ஏஐசிகிட்ட (Agency for Integrated Care, பராமரிப்புச் சேவைகள ஏற்பாடு செய்ய உதவுற அமைப்பு) விசாரிங்க, உங்களுக்கும் தூக்கம் வேணும்மா.