ஆனி ஆல்பர்ஸ் அப்படி என்னதான் நெய்தார்?

"தறியில் துணி நெய்தவரை எதற்கு நவீனக் கலைஞர் என்கிறார்கள்?" என்பது கேள்வி. ஆந்திர எல்லையில், நகரியில், தறிச் சத்தத்தில் வளர்ந்தவன் நான். என் பங்குக்குச் சொல்கிறேன்.

ஆனி ஆல்பர்ஸ் 1899இல் பெர்லினில் பிறந்தவர். 1922இல் ஜெர்மனியின் பவ்ஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே பெண்களைப் பெரும்பாலும் தறிக்கூடத்துக்கே தள்ளிவிட்டார்கள். இவரும் வேண்டாவெறுப்பாகத்தான் போனார். 1930இல் பட்டத்துக்காக நெய்தது ஓர் அரங்கத்தின் சுவர்த்துணி. முன்பக்கத்தில் உள்ள செலோஃபேன் (கண்ணாடி போன்ற மெல்லிய தாள்) வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், பின்பக்கம் சத்தத்தை உறிஞ்சும். நாங்கள் கட்டம், கரை விழுந்தால்தான் டிசைன் என்போம். இவர் நூலின் குணத்தையே டிசைன் ஆக்கிவிட்டார்!

1933இல் நாஜிகள் காலத்தில் அமெரிக்கா போனார். பிளாக் மவுண்டன் கல்லூரியில் 1949 வரை கற்பித்தார். அதே ஆண்டு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. நெசவுக் கலைஞர் ஒருவருக்கு அங்கே அதுதான் முதல்முறை.

எனக்குப் பிடித்தது அவர் தறியில் நெய்த சுவர்ப்படங்கள். பாவுக்கும் (நெடுக்கு நூல்) ஊடைக்கும் (குறுக்கு நூல்) நடுவே கூடுதலாக ஒரு நூலைக் கையால் செருகி, எழுத்துப் போல ஓடவிடுவார். பாட்டி சின்ன நூல்கண்டை விரலால் நுழைத்துப் புட்டா (துணியில் சின்னப் பூ உருவம்) போடுவாளே, கிட்டத்தட்ட அதே வேலை. விசைத்தறி வந்த பிறகு எங்கள் தெருவில் அதைப் பார்க்கவே முடியவில்லை, அது வேறு கதை.

அப்புறம் 1965இல் நெசவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதைக் காணிக்கையாக்கியது தன் ஆசான்களாகக் கருதிய பழங்காலப் பெரு நாட்டு நெசவாளர்களுக்கு.