குறி சொல்லும் கலைகளைப் பற்றி ஆய்வுகள் வருவதால் அந்தப் பழக்கங்கள் குறைகின்றனவா, வளர்கின்றனவா?

பெரும்பாலும் வளர்ந்திருக்கின்றன என்றே சொல்வேன். ஒரு பழக்கம் ஏறக்குறைய முழுக்கவே ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து கிளம்பிய கதையும் உண்டு. படம் போட்ட சீட்டுகளை எடுத்துப் பலன் சொல்லும் டாரட். அதை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு ஓரளவு தெரிந்தது அதுதான்.

டாரட் முதலில் வெறும் சீட்டாட்டம். 15ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வட இத்தாலியில் தோன்றியது. ‘ட்ரியோன்ஃபி’ என்ற பழைய பெயரில் 1440ஆம் ஆண்டு ஃபிளாரன்ஸ் நாட்குறிப்பு ஒன்றிலும், 1442ஆம் ஆண்டு ஃபெராரா அரண்மனைக் கணக்கிலும் இந்தச் சீட்டுக் கட்டு பற்றிக் குறிப்பு இருக்கிறது. 56 சாதாரணச் சீட்டு, அதோடு 22 படச் சீட்டு. மரணம், சூரியன், தலைகீழாகத் தொங்குபவன் என்று இன்று நெஞ்சு படபடக்கப் பார்க்கிறார்களே, அவையெல்லாம் ஆட்டத்தில் துருப்புச் சீட்டுகள். பிரான்சில் இன்றும் அதே 78 சீட்டில் ஆடுகிறார்கள். அங்கே அது நம் ரம்மி மாதிரி, சாப்பாட்டுக்கு அப்புறம் நாலு பேர் உட்கார்ந்து ஆடுவது.

குறி எங்கே வந்தது? கூர் தெ ஜெபலன் என்ற பிரெஞ்சு அறிஞர், பழங்கால உலகத்தைப் பற்றித் தொகுதி தொகுதியாக எழுதிக்கொண்டிருந்தார். 1781இல் வந்த எட்டாம் தொகுதியில், டாரட் என்பது எகிப்திய குருமார் சீட்டு வடிவில் ஒளித்து வைத்த ஞான நூல் என்று எழுதினார். ஆதாரம்? எதுவும் இல்லை. யாரோ ஆடிக்கொண்டிருந்த சீட்டைப் பார்த்ததும் அவருக்குப் ‘புரிந்துவிட்டது’, அவ்வளவுதான். எகிப்திய எழுத்தை ஷாம்போலியன் படித்துக் காட்டியது 1822இல். அதுவரை அப்படி இல்லை என்று சொல்ல யாரிடமும் சான்று இல்லை. அதே தொகுதியில் இன்னொருவர் எழுதிய கட்டுரை, இந்தச் சீட்டை வைத்துக் குறி பார்ப்பது எப்படி என்றும் சொன்னது.

இதற்கு முன்பே சாதாரணச் சீட்டில் குறி பார்க்கப் புத்தகம் போட்டவர் பாரிஸைச் சேர்ந்த அலியெத். தன் பெயரைத் திருப்பிப் போட்டு எத்தெய்யா என்று வைத்துக்கொண்ட ஆள். 1785இல் டாரட்டுக்கும் புத்தகம் எழுதினார், அப்புறம் குறி சொல்வதற்கென்றே தனிச் சீட்டுக் கட்டும் வெளியிட்டார். (1750ஐ ஒட்டிய ஒரு கையெழுத்துத் தாள், இத்தாலியின் பொலோன்யாவில் டாரட் சீட்டுகளுக்குப் பலன் எழுதி வைத்திருந்ததைக் காட்டுகிறது. ஆகவே அதற்கு முன் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது அந்த ஊரைத் தாண்டிப் பரவியதாகத் தெரியவில்லை.)

எகிப்துக் கதை சுமார் இருநூறு வருடம் ஓடியது. அதை முறையாகப் பிரித்துப் போட்டவர் மைக்கேல் டம்மெட். ஆக்ஸ்ஃபோர்டில் தர்க்கவியல் பேராசிரியராக இருந்தவர், ஜெர்மன் தர்க்கவியலாளர் ஃப்ரேகேயின் தத்துவத்தில் பெரிய ஆள். அவருக்கு ஆர்வம் ஆட்டத்தில்தான், குறியில் துளியும் இல்லை. 1980இல் டாரட் ஆட்டங்களின் வரலாற்றைத் தடித்த நூலாக எழுதி, குறி சொல்லும் வழக்கம் பிந்தி வந்தது என்று ஆவணங்களோடு நிறுவினார்.

சரி, இதோடு கடையைக் கட்டியிருக்க வேண்டுமே? கட்டவில்லை. படித்த டாரட்காரர்கள் டம்மெட்டை ஏற்றுக்கொண்டார்கள், எகிப்தை மட்டும் கைவிட்டார்கள். டாரட் பார்க்கும் தோழி ஒருத்தியிடம் இதைக் கேட்டேன். “எகிப்தோ இத்தாலியோ, வர்றவங்களுக்கு அது எதுக்கு? படத்தைப் பார்த்ததும் அவங்களே பேச ஆரம்பிச்சிடுவாங்க” என்றாள். எனக்குப் பலன் மேல் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அவள் சொன்னது நேர்மையான பதில்.

அருங்காட்சியகமும் இதில் கை வைத்திருக்கிறது. இன்று உலகமெங்கும் விற்கும் 1909ஆம் ஆண்டு சீட்டுக் கட்டை வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். சோலா புஸ்கா என்னும் 15ஆம் நூற்றாண்டுக் கட்டின் புகைப்படங்கள் 1907இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தன. ஸ்மித் வரைந்த, மூன்று வாள் குத்திய இதயம் அந்தப் பழைய கட்டில் அப்படியே இருக்கிறது. அங்கே பார்த்துத்தான் வரைந்தார் என்பது பலர் ஒப்புக்கொள்ளும் கருத்து.

டாரட்டில் தப்பான ஆய்வு பழக்கத்தைப் பெற்றெடுத்தது. நல்ல ஆய்வு என்ன செய்யும் என்பதற்கு நைஜீரியாவின் யொருபா மக்களிடம் போக வேண்டும். அவர்களுடைய ஈஃபா என்னும் குறி சொல்லும் முறையில் 256 அடையாளங்கள், ஒவ்வொன்றுக்கும் ஏராளமான பாடல்கள், எல்லாம் மனப்பாடம். வாண்டே அபிம்போலா அதை ஆராய்ந்து பட்டம் பெற்றவர், அவரே ஈஃபா குறி சொல்பவரும் கூட. 1982 முதல் 1989 வரை இஃபே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். ஆய்வாளர் ஒரு பக்கம், குறிசொல்லி இன்னொரு பக்கம் என்று நாம் போடும் கோடு அவரிடம் செல்லாது.

அமெரிக்க மானுடவியலாளர் வில்லியம் பாஸ்கம் கதை இன்னும் சுவையானது. ஓயோ நகரில் சாலாகோ என்ற பூசாரி 16 சோழிக் குறிக்குச் சொன்ன பாடல்களை 1951இல் பதிவு செய்து, 1980இல் மொழிபெயர்ப்போடு வெளியிட்டார். சக ஆய்வாளர்களுக்காகப் போட்ட புத்தகம். அமெரிக்காவில் ஒரிஷா என்னும் யொருபா தெய்வங்களை வழிபடுபவர்கள் அதை வாங்கி, குறி பார்க்கும் கையேடாக வைத்துக்கொண்டார்கள். அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்களிடம் விட்டுப்போன பாடல்கள் இப்படித் திரும்பக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பாஸ்கம் பதிந்தது ஒரு ஊரில் ஒருவர் சொன்ன வடிவம். அடுத்த ஊர்ப் பூசாரி வேறு மாதிரி சொல்லியிருப்பார். அவர் சொன்னது அச்சில் வரவில்லை, அதனால் கடல் தாண்டி இருப்பவருக்கு சாலாகோ சொன்னதே ‘சரியான’ பாடமாகத் தெரியும். இந்த விஷயத்தில் எனக்கு உறுத்துவது இதுதான்.