மணி வெளுத்தது, மகள் பேசுவதில்லை

கேள்வி: என் கணவரின் தொழில் ஒரு வருடமாகப் படுத்துக் கிடக்கிறது. வீட்டுக்கு வரும் கெட்டதை டர்க்காய்ஸ் கல் இழுத்துக்கொள்ளும் என்று ஒருவர் சொன்னதால் மணி பிரேஸ்லெட் வாங்கினேன். கணவர் போட மறுத்துவிட்டார். 13 வயது மகளுக்குப் போட்டுவிட்டு, குளிக்கும்போதுகூடக் கழற்றக் கூடாது என்றேன். இரண்டே மாதத்தில் நீலம் வெளுத்துவிட்டது. நடுவில் ஒருநாள் கழற்றி வைத்துவிட்டாள். அன்றைக்கென்று பெரிய ஆர்டர் ஒன்று கைவிட்டுப் போனது. ‘எல்லாம் உன்னாலதான்’ என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன், அதிலிருந்து என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. அது கிடக்கட்டும். கல் கெட்டதை இழுத்து வெளுத்ததா, போலியா? வேறு வாங்கலாமா?

பதில்: போலியாகத்தான் இருக்கும். மணியில் நூல் போகும் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அநேகமாக ஹௌலைட். அந்த வெள்ளைக் கல்லில் கருஞ்சாம்பல் கோடுகள் இயல்பாகவே ஓடும். நீலச் சாயம் ஏற்றினால் டர்க்காய்ஸ் என்று யாரும் நம்பிவிடுவார்கள். நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்த பஞ்சால் தேய்த்துப் பாருங்கள், நீலம் ஒட்டினால் சாயம். அசலே என்றாலும் உங்களிடம் தப்பியிருக்காது. கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் டர்க்காய்ஸ் 5 முதல் 6 வரைதான், நுண்துளைகள் வேறு. சோப்பு, எண்ணெய், சென்ட் எல்லாவற்றையும் குடித்து நாளடைவில் பச்சை தட்டிவிடும். குளிக்கப் போனால் முதலில் கழற்ற வேண்டிய கல்லைத்தான் கழற்றாதே என்று சொல்லியிருக்கிறீர்கள்.

சரி, கல் விஷயம் முடிந்தது. ‘அது கிடக்கட்டும்’ என்று எழுதினீர்களே, அது எப்படிக் கிடக்கும்?

கல்லின் பெயர்தான் மாறுகிறது, இந்தக் கடிதம் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. எல்லாவற்றிலும் கல்லைச் சுமக்கிற ஆள் வீட்டிலேயே எதிர்த்துப் பேச முடியாத ஆள். தொழில் உங்கள் கணவருடையது. அவர் மாட்டேன் என்றதும் விட்டுவிட்டீர்கள். மகளால் மாட்டேன் என்று சொல்ல முடியாது, அதனால் அவள் கையில் ஏறியது. வீட்டுக்கு வரும் கெட்டதை இழுக்கும் என்று நீங்களே நம்பிய ஒன்றைப் பெற்ற பிள்ளையின் கையில் மாட்ட எப்படி மனசு வந்தது?

வாய்தவறி வந்தது என்று என்னிடம் சொல்லாதீர்கள். இரண்டு மாதம் ‘கழற்றாதே’ என்று சொன்னதற்கு அர்த்தமே அதுதான். அவள் அதை ஒழுங்காகப் புரிந்துகொண்டிருக்கிறாள்.

குடும்பக் கஷ்டத்தைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்கச் சொல்கிற ஆள் இல்லை நான். தெரியட்டும். செலவைப் பார்த்துச் செய்யட்டும், வீட்டு வேலையில் கை கொடுக்கட்டும். கஷ்டத்தில் பங்கு வேறு, பழி வேறு. கடன், வராத பாக்கி, தப்புக் கணக்கு என்று தொழில் படுக்க ஆயிரம் காரணம் இருக்கும். அதைக் கணவரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டியவர் நீங்கள். ஒரு வருடத்தில் ஒருமுறையாவது கணக்கு நோட்டைக் கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

முதலில் மகளிடம் மன்னிப்புக் கேளுங்கள். ‘ஏதோ கோபத்தில் சொல்லிட்டேன்டி’ என்று மழுப்ப வேண்டாம். ‘நான் சொன்னது பொய், ஆர்டர் போனதற்கும் உனக்கும் சம்பந்தமில்லை’ என்று நேராகச் சொல்லுங்கள். ஆர்டர் ஏன் போனது என்பதை அப்பாவே அவளுக்கு விளக்கட்டும். போட மறுத்தவர், மகள் கையில் ஏறியபோது வாயை மூடிக்கொண்டுதானே இருந்தார்?

அப்புறம், வேறு கல் வேண்டாம். அவளாக நீல மணி அழகாக இருக்கிறது என்று கேட்டால் வாங்கிக் கொடுங்கள், சாயக் கல் என்று சொல்லியே கொடுங்கள். போடுவதும் கழற்றுவதும் அவள் பாடு.