ஹாவோவில் தள்ளாதீர்கள், பட்டறைக்கு விடுங்கள்

நெதர்லாந்தின் டிரெந்தெ மாகாணத்துப் பெற்றோர் கேட்கிறார்கள்: பந்தயம் ஓட்ட ஆசைப்படும் மகனை எங்கே படிக்க வைப்பது? பையனுக்கு 16 வயது, வி.எம்.பி.ஓ. (தொழிற்கல்விக்குத் தயார்செய்யும் இடைநிலைப் பள்ளி) முடிக்கிறான். வேனோர்ட் தளத்தில் ஸ்பீட்வே (மண் தளத்தில் சறுக்கி ஓட்டும் மோட்டார் சைக்கிள் பந்தயம்) பார்த்த நாளிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. உறவினர்களோ, முக்கியமாக அத்தை, ஹாவோவில் (உயர்கல்விக்குத் தயார்செய்யும் ஏட்டுப் படிப்புப் பள்ளி) சேர்த்தே ஆக வேண்டும் என்கிறார்கள்.

பந்தயம் பற்றிய உங்கள் பயம் நியாயம்தான். பிரேக்கே இல்லாத வண்டி அது. ஆனால் அந்தப் பயத்துக்கு ஹாவோ மருந்தில்லை. ஏட்டுப் படிப்பில் ஒட்டாத பிள்ளை அங்கே இரண்டு வருடம் மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் எம்.பி.ஓ. என்ற தொழிற்கல்விக்கே வந்து நிற்கலாம். அத்தைக்குச் சொல்லிக்கொள்ள ஒரு படிப்பு வேண்டும் என்பதற்காக அவன் ஏன் அலைய வேண்டும்?

எம்.பி.ஓ.வுக்குள் பலர் கண்ணில் படாதது பி.பி.எல். என்ற வழி. பட்டறையில் வேலை, வாரத்தில் ஏறக்குறைய ஒரு நாள் வகுப்பு. வருடத்துக்குக் குறைந்தது 610 மணி நேரம் பட்டறை, 200 மணி நேரம் பாடம். மோட்டார் சைக்கிள் தொழில்நுட்பப் பிரிவைக் கேளுங்கள். பட்டறை எஸ்.பி.பி. (பயிற்சி தரும் நிறுவனங்களை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் பெற்றதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் அங்கே செய்த வேலை படிப்புக் கணக்கில் சேராது. பெரும்பாலும் சம்பளமும் உண்டு, 18 வயதுவரை கட்டணம் கிடையாது. 18 வயதுக்குள் ஹாவோ சான்றிதழோ எம்.பி.ஓ. இரண்டாம் நிலையோ இல்லாமல் படிப்பை நிறுத்தச் சட்டம் விடாது. இரண்டாம் நிலை அதை ஈடுகட்டிவிடும். நான்காம் நிலை வரை போனால் எச்.பி.ஓ. என்ற தொழில்சார் உயர்கல்வியின் கதவும் திறந்தே இருக்கும். இதை அத்தையிடம் சொல்லுங்கள்.

இனிப் பந்தயம். ஒரு சுற்றில் நான்கு பேர், நான்கு வட்டம், புள்ளிகள் 3, 2, 1, 0. போலந்து லீக்கில் பணம் பெரும்பாலும் புள்ளிக் கணக்கில்தான். வண்டி, வேன், மெக்கானிக் எல்லாம் ஓட்டுநர் கைக்காசு. டச்சு ஓட்டுநர்கள் உலகப் பட்டம் வென்றது லாங்டிராக்கில்: 2015-ல் யானிக் டெ யொங், 2021-ல் ரொமானோ ஹுமல். அது நீண்ட தளம். வண்டிக்கு இரண்டு கியர், பின்பக்க சஸ்பென்ஷன். எனவே புல்தளப் பந்தயமும் லாங்டிராக்கும் அவன் கணக்கில் இருக்கட்டும்.

வீட்டுக் கடனைக் கூட்டி 500 சிசி வண்டி வாங்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. புதிதாக ஓட்டுபவர் சறுக்கலின் நடுவே பயந்து திராட்டிலை மூடுவார். பின் டயர் சட்டென்று பிடிக்கும், வண்டி நிமிர்ந்து நேராக வேலிக்குப் போகும். இதைப் பழைய 250 சிசி வண்டியில் பழகட்டும். பின் டயரை ஒரு விளிம்பு தேய்ந்ததும் கழற்றித் திருப்பிப் போட்டால் இன்னொரு விளிம்பும் உழைக்கும். வளைவில் தரையில் உரசும் இடது காலின் இரும்புச் செருப்பு மெலிந்தால் பட்டறையிலேயே உலோகம் ஏற்றிக்கொள்ளலாம்.

வண்டி வாங்குமுன் ஒரு பருவம், யாராவது ஓட்டுநருக்கு உதவியாளாக அனுப்புங்கள். எரிபொருள் மெத்தனால், ஈரத்தை உறிஞ்சும், கார்புரேட்டரை அரிக்கும். பந்தயம் முடிந்ததும் டேங்கை வடித்து, கார்புரேட்டரைப் பெட்ரோலால் கழுவி, எண்ணெய் மாற்ற வேண்டும். ஞாயிறு இரவு, களைத்த கையோடு, யாரும் சொல்லாமல் அதைச் செய்கிறானா பாருங்கள். செய்யாவிட்டால் வண்டிப் பேச்சை அடுத்த வருடம் வைத்துக்கொள்ளலாம்.