பாம்புக்கு முன்னால் பிளாஷ் அடிக்கலாமா?

கனடாவில் அண்ணன் மலைப்பாம்பு வளர்க்கிறார். பிளாஷ் போட்டுத்தான் படம் எடுக்கிறார். பாம்புக்கு இமை இல்லையே, கண் கெட்டுப்போகாதா? (வாசகி, ஹட்டன்)

இமை இல்லைதான். கண்ணாடி மாதிரி ஒரு செதில் கண்ணை மூடியிருக்கும்; அது வெளிச்சத்தை மறைக்காது. ஆனால் பிளாஷ் மின்னுவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். மூன்று நான்கு அடி தள்ளி நின்று ஓரிரு தடவை அடித்தால் பயப்பட வேண்டாம். கிட்டே போவதுதான் வினை: தூரத்தைப் பாதியாக்கினால் பாம்பின் மேல் விழும் ஒளி 4 மடங்காகிவிடும். நேரே முகத்தில் அடிக்காமல், பக்கத்தில் ஒரு வெள்ளை பிரிஸ்டல் போர்டைப் பிடித்து, அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கள். செதிலில் விழும் வெள்ளைத் திட்டும் குறையும்.

கண் நீலம் பூத்து மங்கலாக இருந்தால் தோல் உரிக்கப் போகிறது. அப்போது பார்வை சரியாக இராது, எதற்கெடுத்தாலும் சீறும். அந்த நாட்களில் படமே வேண்டாம். உடம்பைச் சுருட்டி நடுவில் தலையை ஒளித்துக்கொண்டாலும் அப்படித்தான், கமராவை மூடி வைத்துவிடுவது நல்லது.

கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று எடுத்தால் படம் முழுக்க வெள்ளை. ஏன்? (வாசகர், பண்டாரவளை)

பிளாஷ் கண்ணாடியில் பட்டு உங்களிடமே திரும்புகிறது. லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, பிளாஷைச் சரிவாகப் பிடியுங்கள். போன் என்றால் பிளாஷை அணைத்துவிட்டு, பெட்டியை ஜன்னலோரம் வெயில் படாத இடத்தில் வைத்து எடுங்கள். எனக்கு இதுதான் எப்போதும் பிடிக்கும்.

தேயிலைச் செடியில் பச்சை விரியன் கிடக்கிறது. இரவில் போன் டோர்ச்சோடு போய் எடுக்கலாமா? (மஸ்கெலியா)

வேண்டாம் தம்பி. போனில் பெரிதாகத் தெரிய வேண்டுமென்று கையை நீட்டுவீர்கள். அதன் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு குழி இருக்கிறது. உங்கள் கைச்சூடு இருட்டிலும் அதற்குத் தெரியும். கீழே சருகுக்குள் மூக்கு நிமிர்ந்த சின்ன விரியனும் கிடக்கலாம். இங்கே ஆஸ்பத்திரிகளில் ஏற்றும் இந்திய விஷமுறிவு மருந்து அதன் கடிக்கு வேலை செய்வதில்லை. பகலில், தூரத்தில் நின்று, சூம் லென்ஸில் எடுங்கள்.

ஹோர்ட்டன் சமவெளியில் கொம்பு ஓணானைப் பிளாஷில் எடுத்தால் படமெல்லாம் வெள்ளைப் புள்ளி. (நுவரெலியா)

அது மூடுபனி. காற்றில் மிதக்கும் நீர்த்துளிகள் மின்னுகின்றன. பிளாஷை அணைத்துவிடுங்கள். குளிரில் ஓணான் அவ்வளவாக அசையாது. கமராவைப் பையின் மேல் ஊன்றி, ஷட்டர் வேகத்தை 1/30 நொடிக்கு இறக்கினாலும் படம் தெளிவாக வரும்.