எண்ணெய் பட்டால் அழியும் பார்கோடு: ரிப்பன் பிரிண்டர் தேவையா?

கேள்வி: செக்கு எண்ணெய், ஊறுகாய் பாட்டில்களுக்கு நாங்களே லேபிள் அடிக்கிறோம். இரண்டு மாதத்தில் எழுத்து மங்கிவிடுகிறது. ஸ்கேன் ஆகவில்லை என்று கடைக்காரர்கள் சரக்கைத் திருப்புகிறார்கள். தெர்மல் டிரான்ஸ்ஃபர் பிரிண்டர் வாங்கச் சொல்கிறார்கள். ரிப்பன் செலவு கூடுமே, அவசியமா?

பதில்: உங்கள் சரக்குக்கு அவசியம்தான்.

இப்போது உங்களிடம் இருப்பது ரிப்பன் இல்லாத டைரக்ட் தெர்மல் பிரிண்டராக இருக்கும். லேபிளில் எழுத்தில்லாத இடத்தை நகத்தால் அழுத்தி வேகமாகக் கீறுங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அதேதான். அதில் மை கிடையாது. தாளில் பூசிய ரசாயனம் சூடு பட்டுக் கறுக்கிறது, அவ்வளவே. வெயிலும் எண்ணெயும் பட்டால் அந்தக் கறுப்பு மங்கும். அதிகச் சூட்டில் தாள் முழுக்கவே கறுக்கும். நாலு நாளில் கிழித்துப் போடும் கூரியர் பார்சலுக்கு இது தாராளம். மாதக்கணக்கில் அலமாரியில் நிற்கும் பாட்டிலுக்கு ஆகாது. பார்கோடு மட்டுமா போகிறது? பேட்ச் எண், காலாவதி தேதி, எம்ஆர்பி எல்லாம் சேர்ந்து போகும். அது சட்டச் சிக்கல்.

தெர்மல் டிரான்ஸ்ஃபரில் மெல்லிய பாலியஸ்டர் ரிப்பனில் உள்ள மை உருகி லேபிளில் ஒட்டிக்கொள்கிறது. லேபிளில் சூட்டுக்குக் கறுக்கும் பூச்சு எதுவும் தேவையில்லை. ஆனால் எந்த ரிப்பனும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். மலிவான வாக்ஸ் (மெழுகு மை) ரிப்பன் காகித லேபிளுக்குச் சரி. எண்ணெய்க் கை பட்டால் இழுபடும். மெழுகும் ரெசினும் (பிசின்) கலந்த வாக்ஸ்-ரெசின் நடுத்தரம். உங்களுக்கு பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் லேபிளும் அதற்குப் பொருந்தும் ரெசின் ரிப்பனும்தான் என் தேர்வு. காகித லேபிள் என்றால் மை நின்றாலும் தாள் எண்ணெயைக் குடித்துவிடும். மொத்தமாக வாங்குமுன் மாதிரி கேட்டு அச்சடித்து, உங்கள் எண்ணெயையே பஞ்சில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். விற்பவர் பேச்சைவிட அந்தப் பஞ்சை நம்பலாம்.

செலவு விஷயத்துக்கு வருவோம். லேபிள் நகரும் நீளத்துக்கு ரிப்பனும் ஓடும், காலியிடத்துக்கும் சேர்த்துத்தான். ஆகவே லேபிளைவிடச் சற்றே அகலமான ரிப்பன் போதும். அதைவிடக் குறுகலாக வாங்கினால் லேபிள் ஓரம் பிரிண்ட் ஹெட்டில் (சூடேறி அச்சிடும் பாகம்) உரசும். டைரக்ட் தெர்மலில் தாள் நேரடியாக உரசித் தேய்க்கும் ஹெட், இதில் ரிப்பன் மறைப்பதால் கூடுதல் காலம் உழைக்கும். ரிப்பன் சுருளில் மை உள்பக்கம் இருக்கிறதா, வெளிப்பக்கம் இருக்கிறதா என்பதையும் பிரிண்டருக்கு ஏற்ப கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்தில் எத்தனை புள்ளி அச்சாகும் என்ற கணக்கு. 203 டிபிஐயில் ஒரு புள்ளி 0.125 மிமீ. கடைப் பொருள்களில் இருக்கும் 13 இலக்க ஈஏஎன்-13 பார்கோட்டின் இயல்பான மெல்லிய கோடு 0.33 மிமீ, 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்கக் கூடாது. இரண்டு புள்ளி வைத்தால் 0.25 மிமீதான் வரும், அது போதாது. மூன்று புள்ளி வைத்தால் இருபக்க வெற்றிடமும் சேர்த்து பார்கோடு 42 மிமீ அகலம் பிடிக்கும். சின்ன ஊறுகாய் பாட்டிலுக்கு அது இடைஞ்சல். 300 டிபிஐ என்றால் நான்கு புள்ளியில் சுமார் 38 மிமீயில் முடியும். பணம் கொஞ்சம் கூடினாலும் 300ஐயே எடுங்கள்.

கூரியர் லேபிளுக்குத் தனி பிரிண்டர் வேண்டாம். பெரும்பாலான தெர்மல் டிரான்ஸ்ஃபர் பிரிண்டர்களில் ரிப்பனைக் கழற்றி, செட்டிங்கை மாற்றினால் டைரக்ட் தெர்மல் தாளிலும் அடிக்கலாம். உங்களிடம் இப்போதுள்ள டைரக்ட் தெர்மல் பிரிண்டரில்தான் ரிப்பன் போட வழியில்லை.